இரண்டு ராத்தல் கொழுப்பு

இரும்புக் கொக்கியை ஐஸ் பாளத்தில் மாட்டி, ஒரு காலை நிலைப்படியில் உதைத்துக்கொண்டு, ஸ்டானிஸ்லாஸ் அதை வீட்டுக்குள் இழுத்தார். பாளம் வழுக்கிக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா மதலேனம்மாளின் முழங்காலில் இடித்து நின்றது.

"அய்யோ சேசுவே! மெதுவா இய்த்துகினு வாடா. நேத்துலர்ந்து எம் பொடவ காயவே இல்ல."

"கொஞ்சம் தள்ளிக் குந்துக்கா."

"எங்க தள்றது? ஊரே இங்கதான் குந்திகினு கீது."

அக்கா சொன்னது பொய்யில்லை. ஐம்பத்து நாலாம் வருஷத்துச் சித்திரை. ராயபுரத்துத் தார் ரோடு நடப்பவர்களின் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பனைமரத்தொட்டிப் பக்கத்துச் சந்துகளில் அன்றைக்குக் குளிர்ச்சியாக இருந்த வீடு இந்தச் சாவு வீடு ஒன்றுதான். பத்து நிமிஷம் அழுதுவிட்டுப் போகலாம் என்று முந்தின நாள் மத்தியானம் வந்தவர்கள் திங்கட்கிழமை காலையிலும் எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டுத் திருமலை சாக்கடைத் தகராறில் ஆறு வருஷமாக இந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அவர் விடிந்ததும் வந்து, பாளங்களுக்கு மிக அருகில், கால்மாட்டில் இடம் பிடித்திருந்தார். மணிக்கொரு தரம், "தங்கமான பொம்பள" என்று சொல்லிவிட்டுத் துண்டை ஐஸில் ஒற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நடுக்கூடத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நீளமான பெஞ்சின் மேல் அவருடைய மனைவி, ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் சிலுவையம்மாள் படுத்திருந்தாள். ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சேலை. விரல்களில் ஜெபமாலை. பெஞ்சுக்கு அடியில் மூன்று பாளங்கள், காலருகே ஒன்று. அவற்றின் மேல் மரத்தூளும் கோணியும். ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகப் பாளம் தள்ளுகிறவர் ஸ்டானிஸ்லாஸ். அடுக்குவதில் குறை சொல்ல முடியாது.

அவள் செத்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்காக வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு செருப்பைத்தான் கழற்றினாள். மகள் ஃபிலோமினா ஆந்திராவில், பெஸவாடாவில் நர்ஸ். தந்தி கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் அவள் வந்துசேர வழியில்லை. அதுவரைக்கும் வைத்திருக்க வேண்டும். கம்பெனி மானேஜரே மாலையோடு வந்தார். "எவ்வளவு ஐஸ் வேணுமோ எடுத்துக்கோ ஸ்டானிஸ்லாஸ். கூச்சப்படாதே" என்றார். அதைக் கேட்டதும் ஸ்டானிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று மானேஜர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

புதுப் பாளத்தைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் கசாப்புக்கடை தாவூது நின்றுகொண்டிருந்தார். கையில் இலையில் பொதிந்து சணலால் கட்டிய பெரிய பொட்டலம். பெஞ்சைப் பார்த்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"சந்து மொனைல வர்சொல்லதான் சொன்னாங்க ஸ்டானி அண்ணே. எனக்கு ஒண்ணியும் ஓடல. திரும்பிப் பூட்லாமான்னு பாத்தேன். ஆனா டீச்சரம்மாகிட்ட வாக்கு குட்த்துட்டேன். திங்கக்கெழம காலைல வூட்ல கொண்டாந்து குடுன்னு சனிக்கெழமையே சொல்லிட்டுப் போனாங்க."

"இன்னா பாய் இது?"

"கொழுப்பு. ரெண்டு ராத்தல். நல்ல வெள்ளாட்டுக் கொழுப்பு. ஒரு பிசிறு கறி கெடயாது, பாத்துக்கோ."

மதலேனம்மாள் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே எழுந்தாள்.

"சாவு வூடு. அடுப்பு பத்த வெக்கல. ஒரு வாய் காப்பித் தண்ணி கூட அடுத்த வூட்லர்ந்து வருது. இங்க ரெண்டு ராத்தல் கொழுப்பா? யார்றா ஸ்டானி சொன்னது?"

"நான் சொல்லலக்கா."

"அப்ப செத்தவ எய்ந்து போயி சொன்னாளா?"

"செத்தவதான் சொல்லிகிறா" என்றாள் மீன்காரி தாயம்மா, விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு. "பாய் இன்னா பொய்யா சொல்லுவாரு? முட்டி வலிக்கிப் பூசறதுக்கா இருக்கும். டீச்சருக்கு ரெண்டு முட்டியும் போய்ட்ச்சின்னு சொல்லிகினு இருந்தாங்க."

"ரெண்டு முட்டிக்கி ரெண்டு ராத்தலா?" என்றார் திருமலை கால்மாட்டிலிருந்து.

ஸ்டானிஸ்லாஸ் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அது கனமாக, மெத்தென்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். சுவரில் வெள்ளைக் கரடி நின்றது.

அந்தப் படத்தைச் சிலுவையம்மாள்தான் சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து சுருட்டிக் கொண்டுவந்து, பாடத்தை ஒத்திகை பார்ப்பதற்காக, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். வடதுருவத்துப் பிராணிகள். மேலே கரடி, கீழே மீசை வைத்த சீல், மூலையில் ஒரு வெள்ளை நரி. சாவு அவசரத்தில் அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கண் சரியாகத் தெரியாத ஒரு கிழவி சாமி படம் என்று கரடியைத் தொட்டு முத்தி செய்துவிட்டுப் போயிருந்தாள்.

படம் ஐந்து வருஷமாகக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து அலமாரிக்குள் சுருண்டு கிடந்தது. போன தடவை வந்த இன்ஸ்பெக்டர் அதை வெளியே எடுத்து விரித்து, அடுத்த தடவை வரும்போது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளை இதில் கேள்வி கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வருவது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை சிலுவையம்மாள் பாடத்தை ஆரம்பித்தாள். "பனிப் பிரதேசத்திலே கரடி எப்படிச் சூடா இருக்கு தெரியுமா?" என்று கேட்டாள். முதல் பெஞ்சுப் பொன்னுரங்கம் எழுந்து, "அது ஏன் டீச்சர் சூடா இருக்கணும்?" என்றான். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வேர்வை வழிய அவளைப் பார்த்தார்கள். யாரும் ஒரு நாளும் குளிரால் கஷ்டப்பட்டதில்லை. மார்கழியிலும் சட்டை போடாமல் மணலில் புரள்கிற பிள்ளைகள். குளிரைத் தெரியாதவர்களுக்குக் குளிராமலிருப்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? திங்கட்கிழமை எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

இதையெல்லாம் அவள் சனிக்கிழமை மத்தியானம் ஸ்டானிஸ்லாஸுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அவர் காதில் பாதிதான் விழுந்தது.

"அதனால திங்கக்கெழம ஒரு பக்கெட் ஐஸ் வேணும். தூள் ஐஸ் கூட போதும். பசங்க கைய வெச்சிப் பாக்கணும்."

"கரடிக்குக் குளிர்னா ஒனக்கு இன்னா? கம்பெனி சொத்து. இருவத்தி ரெண்டு வருசமா ஒரு துண்டு நான் வெளிய எட்த்தாந்தது கெடயாது. ஒரு கரடிக்கோசரம் எம் பேர கெட்த்துக்கச் சொல்றியா?"

"மானேஜரக் கேட்டுப் பாருங்களேன். கொய்ந்தைங்களுக்குன்னா குடுப்பாரு."

"போயி அவரண்ட கரடி கதைய நான் சொல்லணுமா? ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாய்ட்ச்சி."

சிலுவையம்மாள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, "அதுவும் வேணும். அத்த நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கிண்டல் செய்கிறாள் என்று ஸ்டானிஸ்லாஸுக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் பேசவில்லை. ராத்திரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தார். காலையில் அவள் தனியாகப் பூசைக்குப் போனாள்.

அதுவும் வேணும் என்று அவள் சொன்னது இதைத்தான், கரடிப் பாடத்துக்காகத்தான் என்பது இப்போது, பொட்டலம் கைக்கு வந்த பிறகு, அவருக்கு விளங்கியது.

"நிக்கிறான் பாரு, கொய்ந்தைய வாங்கிக்கினா மாதிரி" என்றாள் மதலேனம்மாள். "கொண்டு போயி நாய்க்குப் போடு."

அவர் போடவில்லை. பொட்டலத்தை மாடத்தில், மெழுகுவத்திகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பத்து மணி வாக்கில் சந்தில் மணியடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தலைமையாசிரியை இசக்கியம்மாளின் குரல். திருநெல்வேலிக்காரி. முப்பது வருஷம் மதராஸில் இருந்தும் தமிழை இந்த ஊருக்கு விட்டுக்கொடுக்காதவள்.

"இரண்டு இரண்டு பேராக வரணும். கையிலே உள்ள பூவை டீச்சர் காலடியிலே வைக்கணும். கும்பிடணும். திரும்பி வந்துடணும். வாயைத் திறக்கக் கூடாது."

ஒண்ணாங்கிளாஸ் முழுவதும் வந்திருந்தது. முதல் வரிசையில் புஷ்பவல்லி, காசிமேட்டு மீன்பிடி வீட்டுப் பெண், ஆறு வயசு. கூடத்துக்குள் ஓர் அடி வைத்ததும் ஈரத் தரை காலில் பட்டது. கீழே பார்த்தாள். கோணியை விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐய்! ஐஸு! டேய், டீச்சர் சொன்னா மாதிரியே ஐஸு கொண்டாந்துகிறாங்கடா!"

"எவ்ளோ பெரிசு!" என்றான் பொன்னுரங்கம். "தோ, கரடியும் கீது!"

"கொழுப்பு? கொழுப்பு எங்க?"

மாடத்திலிருந்த பொட்டலத்தில் இலை பிரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வரிசை கலைந்தது. இசக்கியம்மாள் தடுப்பதற்குள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அழ வந்திருந்தவர்களை நெருக்கித் தள்ளிக்கொண்டு, ஈரத் தரையில் வகுப்பில் உட்காருகிற மாதிரியே வரிசையாக உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பெஞ்சைப் பார்த்தார்கள். எல்லாம் தயாராக இருந்தது. டீச்சர் எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

பெஞ்சுக்கு அடியில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர் எய்ந்துக்க மாட்டாங்களா?" என்றாள் புஷ்பவல்லி, கடைசியில்.

இசக்கியம்மாள் குனிந்து, விலகிக் கிடந்த கோணியை இழுத்து ஐஸ் மேல் போட்டாள்.

"மாட்டாங்கம்மா" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"அப்ப கரடிய யாரு காட்டுவாங்க? இன்னிக்கி காட்றேன்னு சொல்லிகிறாங்களே."

அழுதுகொண்டிருந்தவர்கள், அழாதவர்கள், எல்லாரும் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தார்கள். அவர் இடுப்பிலிருந்து கொக்கியை எடுத்தார். கால்மாட்டிலிருந்த பாளத்தின் ஒரு மூலையை இரண்டு குத்தில் பெயர்த்தார். மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பின்னால வாங்க. எல்லாரும் வாங்க."

"டேய் ஸ்டானி! புத்தி கெட்டுப் பூட்ச்சா?" என்ற அக்காவின் குரல் பின்னாலேயே வந்தது. அதோடு கூட்டத்தில் பாதியும் வந்தது. ஐஸ் போகிற பக்கம் திருமலையும் வந்தார்.

பின்கட்டில் குழாயடியில் பக்கெட்டை வைத்து ஐஸை உடைத்துப் போட்டு, தண்ணீர் பிடித்தார். வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் கொழுப்பை அப்பினார். கையுறை போட்ட மாதிரி ஆயிற்று. இடது கை வெறும் கை. இரண்டையும் பக்கெட்டுக்குள் விட்டார்.

"எண்ணுங்க."

பிள்ளைகள் எண்ணினார்கள். இருபது வரைக்கும்தான் பாடம் ஆகியிருந்தது. ஆகவே இருபதுக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்கள். மூன்று இருபது ஆயிற்று.

"குளிர்தா?" என்றாள் புஷ்பவல்லி.

"இல்ல."

"அந்தக் கைக்கு?"

ஸ்டானிஸ்லாஸ் இடது கையைக் கவனித்தார். "அதுக்கும் இல்ல."

"அப்ப கொழுப்பு எதுக்கு?" என்றான் பொன்னுரங்கம்.

ஸ்டானிஸ்லாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷம் பாளம் தள்ளிய கைகள். தோல் மரப்பட்டையாகவே போய்விட்டது. அவற்றுக்குக் குளிரும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. பாடம் கெட்டுவிடும் போலிருந்தது.

"வேற கை வேணும்" என்றார்.

திருமலை இதற்காகவே காத்திருந்தவர் போலச் சட்டைக்கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "எங்கைய போடு. காலைலர்ந்து ஒடம்பு எரியிது."

அவருடைய வலது கையில் ஸ்டானிஸ்லாஸ் கொழுப்பை அப்பினார். பக்கெட்டில் இரண்டு கையையும் விட்ட திருமலை கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, சொர்க்கம்" என்றார். பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். ஏழில் அவர் கண்ணைத் திறந்தார். பத்தில் பல்லைக் கடித்தார். பதினாலில், "அடியம்மா!" என்று கத்திக்கொண்டு இடது கையை வெளியே பிடுங்கி, கக்கத்தில் செருகிக்கொண்டு ஒரு காலில் குதித்தார்.

"அந்தக் கை? அந்தக் கை?" என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

வலது கை பக்கெட்டிலேயே இருந்தது. திருமலை குதிப்பதை நிறுத்திவிட்டு அதை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணியும் தெர்லயே! சும்மா கீது!"

சிரிப்பு சந்துவரை கேட்டது. உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வரிசை. ஒவ்வொரு பிள்ளையும் கையை நீட்ட, ஸ்டானிஸ்லாஸ் ஒரு விரலுக்கு மட்டும் கொழுப்பைப் பூசினார். ஐஸ் தண்ணீரில் விட்டதும் வீல் என்று கத்திவிட்டு, பூசின விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடினார்கள். குளிர் என்றால் என்ன என்று ராயபுரத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"ஏன் தாத்தா கொழுப்புக்குள்ள மட்டும் குளிரல?" என்றான் பொன்னுரங்கம். விடுகிற பிள்ளையாக இல்லை.

ஸ்டானிஸ்லாஸ் யோசித்தார். புத்தகத்தில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஐஸ் ஒன்றுதான்.

"தோ பாரு. ஐஸு மேல மரத்தூள் போட்டு வெச்சிகிறேன் இல்ல? எதுக்கு? வெளிய கீற சூடு உள்ள போவக் கூடாது. போனா கரஞ்சிடும். கரடிக்கு அப்டியே உல்ட்டா. உள்ள கீற சூடு வெளிய போவக் கூடாது. போனா வெறைச்சிடும். எனக்கு மரத்தூளு, அதுக்குக் கொழுப்பு. ரெண்டும் ஒரே வேலதான்."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது சரியாக இருக்கிறதே என்று பட்டது. இருபத்திரண்டு வருஷமாகச் செய்த வேலைக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பதை அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"நரி?" என்றாள் புஷ்பவல்லி.

நரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இசக்கியம்மாள் தொண்டையைச் செருமினாள். தன் பையிலிருந்து சிலுவையம்மாளின் பாடக் குறிப்பு நோட்டை எடுத்துப் பிரித்துப் படித்தாள். "நரி சுருண்டு படுக்கும். வாலை எடுத்து மூக்கின் மேல் போர்த்திக்கொள்ளும். பிள்ளைகளைச் செய்து காட்டச் சொல்லவும்." படித்துவிட்டு, நோட்டை மூடாமல், "செய்து காட்டுங்க" என்றாள்.

ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய ஃபிலோமினா, அம்மாவின் மேல் விழுந்து அழுது முடித்து, அப்பாவைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தபோது, முப்பத்தெட்டுப் பிள்ளைகள் தரையில் சுருண்டு, ஆளுக்கொரு கையை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு கிடந்தார்கள். நடுவில் எதிர்வீட்டுத் திருமலை ஒரு கையைப் பக்கெட்டில் வைத்தபடி நின்றார். அப்பா முழங்கை வரைக்கும் ஆட்டுக் கொழுப்போடு இருந்தார்.

"ஒங்கப்பனுக்குப் பித்து புட்ச்சிட்ச்சிம்மா" என்றாள் மதலேனம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு ஊசியா போடு."

ஃபிலோமினா அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா இன்னிக்கி காட்றேன்னு சொல்லிட்டாம்மா" என்றார் அவர். "அதான்."

அவள் முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிள்ளைகள் கிளம்பும்போது மறுபடி வரிசையாகப் பூ வைத்தார்கள். இந்தத் தடவை கலையவில்லை. புஷ்பவல்லி மட்டும் நின்றுவிட்டாள்.

"டீச்சர் கால்ல ஐஸு பட்டுகினு கீது" என்றாள்.

செத்தவர்களுக்குக் குளிராது என்று சொல்ல இசக்கியம்மாள் குனிந்தாள். அதற்குள் ஸ்டானிஸ்லாஸ் உட்கார்ந்து பாளத்தை ஒரு சாண் தள்ளி வைத்தார்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் தள்ளினார். திருமலையும் தன் இடத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். புஷ்பவல்லி திருப்தியாகக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்றரை மணிக்குப் பெட்டி வந்தது. ஸ்டானிஸ்லாஸ் குழாயடியில் கையைக் கழுவினார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். பச்சைத் தண்ணீரில் கொழுப்பு இன்னும் இறுகி ஒட்டிக்கொண்டது. வெந்நீர் வேண்டும். அடுப்பு எரியாத வீட்டில் வெந்நீருக்கு எங்கே போவது? வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

வெயில் இறங்காத நேரம். ஆனாலும் கூட்டம் கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்தது. திருமலை வழி நெடுகக் குடை பிடித்துக்கொண்டு வந்தார், தனக்கில்லை, பெட்டிக்கு. சாமியார் மந்திரம் முடித்து, தீர்த்தம் தெளித்து, நகர்ந்து நின்றார். பெட்டி இறங்கியது.

"மண்ணு போடுப்பா" என்றார் யாரோ.

ஸ்டானிஸ்லாஸ் குனிந்து வலது கையால் ஒரு பிடி அள்ளினார். கடலோரத்து மண். வெயிலில் காய்ந்து மாவு மாதிரி இருந்தது. குழியின் மேல் கையை நீட்டி விரித்தார்.

கொஞ்சம் விழுந்தது. மற்றதெல்லாம் உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் அப்படியே அப்பிக்கொண்டு நின்றது. கையைக் கவிழ்த்தார். விழவில்லை.

"ஒதுருடா" என்றாள் மதலேனம்மாள் பின்னாலிருந்து மெதுவாக.

அவர் உதறவில்லை. கவிழ்த்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழிவெட்டுகிறவன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, அதன் மேல் சாய்ந்துகொண்டு, அவசரமில்லை என்பதுபோல் கடல் பக்கம் பார்க்க ஆரம்பித்தான்.